உள்ளேதாங்க சார்

வேங்கிக்காலைத் தாண்டி இருந்த அந்தச் சின்ன ஏரியில் தண்ணீர் நிற்கிறவரை மீன் பிடிப்பார்கள். மாசியில் தண்ணீர் வற்றித் தரை கட்டாந்தரையானதும் கோல்ஃப் ஆடுவார்கள். திருவண்ணாமலையில் கோல்ஃபா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும். 1994 முதல் 1998 வரை ஐந்து கோடைகள் ஞாயிறு தவறாமல் ஆடினார்கள். வருஷத்துக்கு ஒருமுறை கோப்பை வைத்தும் ஆடினார்கள். அந்தக் கடைசிக் கோப்பைக்கு நடந்த கூத்துதான் இது.

ஆரம்பித்து வைத்தவர் ஆதிமூலம். ஓர் அரசாங்க ஆபீஸில் பெரிய இன்ஜினியர். ஊட்டியில் வேலை பார்த்த காலத்தில் இந்த ஆட்டம் அவரைப் பிடித்துக்கொண்டது. மாற்றலாகி இங்கே வந்தும் விடவில்லை. மூன்று பை நிறையப் பழைய மட்டைகளோடு வந்தவர், காய்ந்த ஏரியைப் பார்த்ததும் கண் மின்ன நின்றுவிட்டார். வேலிக்காத்தானை வெட்டி, ஒன்பது இடத்தில் குழி தோண்டி, சாயம் போட்ட பழைய வேட்டியைக் கிழித்துக் கொடி நட்டார். ஊருக்குப் பொதுவான ஏரி, ஊருக்குப் பொதுவான ஆட்டம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டார். பேங்க் கேஷியர் வந்தார், லாட்ஜ் மேனேஜர் வந்தார், ஆபீஸ் மொத்தமும் வந்தது. வராமல் இருந்துவிட முடியுமா என்ன?

கரையோரம் போட்டிருந்த கீற்றுக் கொட்டகையில் ஒரு தகரப் பலகை. அதில் ஆதிமூலமே உட்கார்ந்து யோசித்து எழுத வைத்த விதிகள். அடிக்கிறவர் அடிக்கும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. குழிக்குத் தூரத்தில் பந்து இருப்பவரே முதலில் அடிக்க வேண்டும். பின்னால் வேகமாக வருபவருக்கு வழிவிட வேண்டும். பெயர்த்த மண்ணை மிதித்துச் சமன் செய்ய வேண்டும். ஆடு குறுக்கே வந்தால் ஆட்டுக்கே முதல் வழி. பந்து குழியை ஒட்டி நின்றால், கூட ஆடுகிறவர் ‘உள்ளேதான்’ என்று சொல்லலாம். சொன்னால் ஓர் அடியாகக் கணக்கு வைத்துக்கொண்டு பந்தை எடுத்துவிடலாம்.

எல்லாம் நல்ல விதிகள்தான். கடைசி விதிதான் ஆபீஸ்காரர்கள் கையில் சிக்கிச் சீரழிந்தது. முதல் ஞாயிறு ஆதிமூலத்தின் பந்து குழிக்கு ஒரு சாண் தள்ளி நின்றபோது, தலைமை எழுத்தர் கண்ணாயிரம் பவ்யமாகக் குனிந்து, “உள்ளேதாங்க சார்” என்றார். மறுமாதம் அது ஒரு முழமாயிற்று. அதே வருஷம் ஆதிமூலத்துக்குப் பிரமோஷன் வந்தபிறகு மூன்று முழம், நான்கு முழம் எல்லாமே உள்ளேதான். கண்ணாயிரம் மட்டுமில்லை, யார் கூட ஆடினாலும் அதே பாட்டு. சாருடைய பந்து குழியைச் சுற்றி மெழுகிய களத்தின் ஓரத்தைத் தொட்டால் போதும், யாராவது ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து கையில் கொடுத்துவிடுவார்கள்.

பலகையில் எழுதாத விதி ஒன்றும் இருந்தது. சாருடைய பந்தைத் தாண்டி எவனும் அடிக்கக் கூடாது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆபீஸில் சாரை முந்திக்கொண்டு படியில் இறங்குவோமா? அது மாதிரிதான்.

இந்த எழுதாத விதியால் வயிறெரிந்தவன் ஒருத்தன் உண்டு. ஆதிமூலத்தின் ஜீப் டிரைவர், அடி அண்ணாமலைக்காரன், மண்ணாங்கட்டி. நாற்பத்தாறு வயது. வேலைக்கு வருமுன் பத்து வருஷம் கிணறு வெட்டிய தோள். மட்டையை அவன் ஓங்கினால் காற்று கிழிகிற சத்தம் கேட்கும். ஆளில்லாத விடியற்காலையில் வந்து அவன் அடித்துப் பார்ப்பதுண்டு. பந்து ஏரியின் பாதியைத் தாண்டிப் போய் விழும். ஞாயிற்றுக்கிழமை சார் முன்னால் அதே தோள் சுருங்கிவிடும். சாருடைய பந்துக்குப் பத்தடி பின்னால் கொண்டுபோய் வைப்பான். அப்படி அளந்து குறைத்து அடிப்பதற்கு எவ்வளவு கெட்டிக்காரத்தனம் வேண்டும் என்பது ஒருத்தருக்கும் புரியவில்லை.

அவன் பெயரையும் ஒருத்தரும் சொல்வதில்லை. அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை என்று, இதையாவது எமன் வேண்டாமென்று விட்டுவிடட்டும் என வைத்த பெயர். எமன் விட்டுவிட்டான், ஆபீஸ் விடவில்லை. “மண்ணாங்கட்டின்னு எப்பிடிப்பா ஜீப்ல ஏறிக்கினு கூப்புடறது? மணின்னு வச்சிக்கலாம்” என்று வேலையில் சேர்ந்த முதல் நாளே கண்ணாயிரம் பெயரைக் கத்தரித்துவிட்டார். பதினெட்டு வருஷமாக மணி. சம்பளம் வாங்கக் கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவன் மண்ணாங்கட்டி.

கொட்டகையில் விதிப்பலகைக்குப் பக்கத்தில் இன்னொரு பலகை தொங்கியது. பச்சைத் தகரத்தில் வெள்ளை எழுத்து, கோப்பை ஜெயித்தவர் பெயர்கள். 1994 ஆதிமூலம். 1995 ஆதிமூலம். 1996 ஆதிமூலம். 1997, சொல்லவே வேண்டாம். மண்ணாங்கட்டி அந்தப் பலகையை எத்தனை தடவை நின்று பார்த்திருப்பான் என்பதற்குக் கணக்கில்லை. தன் முழுப் பெயர் ஒருமுறை அதில் ஏறவேண்டும். வேறொன்றும் வேண்டாம், கோப்பையைக்கூட அவர்களே வைத்துக்கொள்ளட்டும். அந்த ஆசை அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டே கிடந்தது.

1998 ஜூனில் ஆதிமூலம் ரிட்டயர் ஆகிறார். மட்டைகள் அவரோடு சென்னைக்குப் போகும். வரப்போகிற புது ஆபீசருக்குக் கோல்ஃப் என்றால் என்னவென்றே தெரியாதாம். ஆக, சித்திரை மாதத்துக் கோப்பைதான் கடைசி.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை சாயங்காலம், மண்ணாங்கட்டியும் அவன் மனைவி உண்ணாமலையும் களம் மெழுக வந்தார்கள். களம் என்றால் கதிரடிக்கிற களமேதான். புல் முளைக்காத ஏரியில் பந்து உருள வேண்டுமே. ஒவ்வொரு குழியைச் சுற்றியும் பத்தடி அகலத்துக்கு வட்டமாகக் களிமண்ணும் சாணியும் போட்டு மெழுகிவிடுவது ஏற்பாடு. சாணி கரைப்பதும் மெழுகுவதும் உண்ணாமலை. ஊட்டியில் பச்சைப்புல்லாம், இருக்கட்டும். அவள் மெழுகிக் காயவைத்த தரை பாத்திரம் துலக்கிய மாதிரி இருக்கும். அதன்மேல் செருப்போடு காலை வைத்தால் கேஷியர் என்றும் பார்க்கமாட்டாள், மேனேஜர் என்றும் பார்க்கமாட்டாள். “களத்துல செருப்புக் காலா?” என்று ஒரு சத்தம். அதிலிருந்து எல்லோரும் வாசலில் கழற்றுவதுபோலக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவார்கள். ஆதிமூலம் மட்டும் நான்கு வருஷமாக ஷூவைக் கழற்றியதே இல்லை. அவருக்குத்தான் களத்தில் ஏறவேண்டிய அவசியமே வரவில்லையே.

அன்று எட்டுக் களம் முடித்துவிட்டுத் தண்ணீர் குடிக்கக் கொட்டகைக்கு வந்த உண்ணாமலை, பச்சைப் பலகையைப் பார்த்து அப்படியே நின்றாள். ஐந்தாவது வரை படித்தவள்.

“இன்னாய்யா இது. நாளைக்கித்தானே ஆட்டம்?”

மண்ணாங்கட்டி நிமிர்ந்து பார்த்தான். 1998 ஆதிமூலம். வண்ணம் இன்னும் ஈரமாக இருந்தது. பெயிண்டர் சுப்பன் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

“கண்ணாயிரம் சார்தாங்க எய்தச் சொன்னாரு. நாளைக்கிக் கூட்டமா இருக்கும், இன்னிக்கே எய்திட்டா வேலை முடிஞ்சிதுன்னாரு. சாருக்கு வழியனுப்பு விழா மாதிரி.”

“ஆடறதுக்கு முன்னாடியே ஜெயிச்சவங்க பேரை எய்திட்டானுங்களா? அப்ப நான் எதுக்குய்யா முட்டி தேயச் சாணி போடறேன்?” உண்ணாமலை புருஷன் பக்கம் திரும்பினாள். “நீயும் எதுக்கு ஆடற? ஊட்லயே படுத்துத் தூங்கு.”

மண்ணாங்கட்டிக்குக் காது மடல் சுட்டது. அவள் அதற்குமேல் அவனிடம் பேசவும் இல்லை. விடுவிடுவென்று ஒன்பதாவது களத்துக்குப் போய், வாளியைக் கவிழ்த்து, இருந்த கோபத்தையெல்லாம் கையில் இறக்கி மெழுகினாள்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே கரை நிறைய ஆள். அடிக்கணக்கு எழுதும் பொறுப்பு ஜீவகுமாரிடம். பக்கத்துக் கிராமத்துச் சமண நயினார் வீட்டுப் பிள்ளை, ரைஸ் மில் வைத்திருக்கிறவர், பொய் சொல்ல வாய் வராது. அதனால்தான் அவரிடம் நோட்டைக் கொடுத்தார்கள். ஜோடி பிரித்தது மட்டும் கண்ணாயிரம். சாரோடு யாரைப் போடலாம் என்று யோசித்து, ஒரு வம்பும் வராத ஆளாக மணியைப் போட்டார். இந்த ஒரு தப்பைத்தான் அந்த மனுஷன் பிறகு ஆயுசுக்கும் நினைத்து வருந்தினார்.

முதல் அடி வழக்கம்போல ஆதிமூலம். பந்து நேராகப் போய் நல்ல இடத்தில் விழுந்தது. கைத்தட்டல். அடுத்து மண்ணாங்கட்டி. அவன் கரைப்பக்கம் ஒருமுறை பார்த்தான். உண்ணாமலை பனைமர நிழலில் துடைப்பத்தோடு நின்றிருந்தாள். மட்டையை ஓங்கினான். பதினெட்டு வருஷமாகச் சுருங்கிக்கிடந்த தோள் விரிந்தது. பந்து சாருடைய பந்துக்கு மேலாகப் போயிற்று, இன்னும் போயிற்று, ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்க்கப் போய் விழுந்தது.

யாரும் கை தட்டவில்லை. கண்ணாயிரத்தின் முகத்தில் ஈயாடவில்லை.

“மணி, காலையில இன்னா சாப்ட்ட?” என்றார் ஆதிமூலம்.

“கூழுங்க சார்.”

“ம்.”

இரண்டாவது குழியிலும் தாண்டினான். மூன்றாவதிலும் தாண்டினான். தோள் கேட்டது, நாக்குத்தான் கேட்கவில்லை. சாருடைய பந்து களத்தில் ஏறி நின்றதும் அவன் நினைக்குமுன்னே, “உள்ளேதாங்க சார்” என்று அது சொல்லிவிட்டது. பழகின நாக்கு. ஒவ்வொரு குழியிலும் பல்லைக் கடித்துக்கொண்டு போனான், ஒவ்வொரு குழியிலும் அது முந்திக்கொண்டது. தன் பந்தையோ அவன் கடைசி அங்குலம்வரை தட்டித்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. டிரைவர் பந்துக்கு யார் உள்ளேதான் சொல்லப்போகிறார்கள்?

எட்டாவது குழி முடிந்தபோது ஜீவகுமார் நோட்டைப் பார்த்துக் கனைத்துக்கொண்டார். “சார் முப்பத்தேழு. மணி முப்பத்தேழு. மத்தவங்க எல்லாம் நாப்பதுக்கு மேல.”

கூட்டம் மொத்தமும் கரையோரத்து ஒன்பதாவது குழிக்கு நகர்ந்தது. கண்ணாயிரம் மண்ணாங்கட்டியின் தோளை ஒட்டி நடந்தார்.

“மணி, வெளையாட்டு போதும். சாருக்குக் கடைசி வருஷம். பேரு எய்தியாச்சி, மாலை வந்தாச்சி. பாத்துக்க.”

“சரிங்க சார்” என்றது நாக்கு.

ஒன்பதாவதில் இரண்டு பேருக்கும் மூன்று மூன்று அடி. இரண்டு பந்தும் களத்தில், ஒரே பக்கமாக. மண்ணாங்கட்டியின் பந்து குழிக்கு இரண்டு முழத்தில். ஆதிமூலத்தின் பந்து மூன்று முழத்தில். ஆதிமூலம் களத்தின் ஓரத்தில் நின்று, பந்தை எடுத்துவர யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். ஒரு குமாஸ்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நின்றான். இனி அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி. விதிப்படி அதைக் கூட ஆடுகிறவன்தான் சொல்ல வேண்டும்.

மண்ணாங்கட்டியின் நாக்கு எழுந்தது. அவன் அதைப் பல்லுக்கு நடுவே வைத்துக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. கடித்தபடியே நின்றான்.

தூரத்தில் பஸ் ஹாரன் ஒன்று கேட்டு அடங்கியது.

“சொல்லுய்யா” என்று கண்ணாயிரம் பின்னாலிருந்து சீறினார். “உள்ளேதான்னு சொல்லு.”

மண்ணாங்கட்டி திரும்பவில்லை. ஆதிமூலம் அவனைப் பார்த்தார். முதலில் புரியாமல் பார்த்தார், புரிந்ததும் முகம் கறுத்தது. ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ ஆயிரம் மைல் வந்த மனுஷன். மண்ணாங்கட்டிக்குப் பயமாகத்தான் இருந்தது. வேலை போகுமோ, மாற்றல் வருமோ, என்னவோ வரட்டும்.

“அடிக்கணுமா, மணி?”

“அடிங்க சார்.”

இரண்டே வார்த்தை. அதைச் சொல்லி முடித்ததும் பயம் போய்விட்டது. அது எப்படிப் போனது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆதிமூலம் விறைப்பாகக் களத்தில் கால் வைக்கப் போனார். “சார், ஷூ” என்று பனைமரத்தடியிலிருந்து உண்ணாமலை குரல் வந்தது. அவர் நின்றார். குனிந்து கயிற்றை அவிழ்த்தார். ஒரு ஷூ, ஒரு காலுறை, இன்னொரு ஷூ, இன்னொரு காலுறை. வெயிலையே பார்க்காத வெளுத்த பாதம் இரண்டும் சாணித்தரையில் கூசிக் கூசி நடந்ததை ஊரே பார்த்தது.

நான்கு வருஷமாக எந்தக் களத்திலும் பந்தை உருட்டாதவர். ஆனாலும் கெட்டிக்காரர், தரையின் சாய்வைக் கணக்குப் பார்த்து, குழிக்கு ஒரு விரற்கடை இடப்பக்கமாகக் குறிவைத்தார். பந்து நன்றாகத்தான் கிளம்பியது. பாதி வழியில் யாரோ கூப்பிட்ட மாதிரி இன்னும் இடப்பக்கம் திரும்பி, குழியை ஒட்டிக் கடந்து, ஒரு சாண் தள்ளிப்போய் நின்றது.

ஆதிமூலம் பந்தை முறைத்தார், தரையை முறைத்தார். பிறகு மெதுவாகத் தட்டி உள்ளே தள்ளினார்.

“சாருக்கு இந்தக் குழியில அஞ்சி. மொத்தம் நாப்பத்திரண்டு” என்றார் ஜீவகுமார். கண்ணாயிரம் அவரைச் சுட்டுவிடுகிற மாதிரி பார்த்தார், அவரோ எழுதிக்கொண்டிருந்தார்.

மண்ணாங்கட்டி டயர் செருப்பைக் கழற்றிவிட்டுக் களத்தில் ஏறினான். உள்ளங்காலில் தரை பேசியது. மெழுகும்போது கை போன வழியெல்லாம் வரிவரியாகக் காய்ந்து நிற்கும். பந்து அந்த வரியோடுதான் திரும்பும். வலக்கைக்காரர்கள் மெழுகினால் வரி ஒரு பக்கம் வளையும். உண்ணாமலை பீச்சாங்கைக்காரி. சோறு போடுவதும் அந்தக் கை, துடைப்பம் பிடிப்பதும் அந்தக் கை. அவள் வரி மறுபக்கம் வளையும். நேற்று வேறு கோபத்தில் அழுத்தி மெழுகியிருக்கிறாள். வரி ஒவ்வொன்றும் காலில் குத்துகிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கையோடு குடித்தனம் நடத்துகிறவனுக்கு இது தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

குழியை விட்டு நன்றாக வலப்பக்கம் தள்ளிக் குறிவைத்தான். “எங்கடா அடிக்கிறான் இவன்” என்று யாரோ முணுமுணுத்தார்கள். ஆதிமூலம் திரும்பி, “அடிக்கிறவர் அடிக்கும்போது வாய் திறக்கக் கூடாது” என்றார் கடுமையாக.

தட்டினான். பந்து வலப்பக்கமாகவே போயிற்று, போயிற்று, வரியைத் தொட்டது, சமர்த்தாக வளைந்தது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, உள்ளே விழுந்தது. விழுந்த சத்தம் கொட்டகைவரை கேட்டது.

“நாலு. மொத்தம் நாப்பத்தொண்ணு” என்றார் ஜீவகுமார்.

முதலில் தட்டியது உண்ணாமலைதான். துடைப்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பட்பட்டென்று தட்டினாள். அடுத்தது பேங்க் கேஷியர். அப்புறம் கரை மொத்தமும் தட்டியது. ஆபீஸ்காரர்கள் சார் முகத்தைப் பார்த்துக்கொண்டே தட்டுவதா வேண்டாமா என்று கையைத் தூக்கியும் இறக்கியும் நின்றார்கள்.

ஆதிமூலம் களத்தைவிட்டு இறங்கவில்லை. வெறுங்காலோடு அங்கேயே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, இது எப்படி அந்தப் பக்கம் திரும்புச்சி?”

உண்ணாமலை இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “இந்தக் கைங்க சார். நாலு வருசமா இதாலதான் மெழுவறேன். நீங்க ஏறிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அவர் அந்தக் கையையே பார்த்தார். பிறகு கண்ணாயிரத்தைப் பார்த்தார். “நாலு வருஷம். இந்த ஆட்டத்துல பாதி இங்கதானய்யா இருக்குது. ஒருத்தனும் என்னை ஆட விடலையே” என்றார். கண்ணாயிரம் பேய்முழி முழித்தார்.

கொட்டகையில் பச்சைப் பலகை காத்திருந்தது. 1998 ஆதிமூலம். அதைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்ன சொல்ல. “யாரு எழுதச் சொன்னது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், சாமான்களோடு வேடிக்கை பார்க்க வந்திருந்த சுப்பனிடமிருந்து மண்ணெண்ணெய்த் துணியை வாங்கித் தன் பெயரைத் தானே துடைத்தார். அழுத்தித் துடைத்தார்.

“எழுது. 1998-க்கு இவன் பேரு” என்றார்.

சுப்பன் தூரிகையை நனைத்தான். கண்ணாயிரம் அந்த நேரத்திலும் விடவில்லை. “மணின்னு எய்துப்பா. போர்டுல பாக்க நல்லா இருக்கும்.”

தூரிகை அந்தரத்தில் நின்றது. மண்ணாங்கட்டியின் நாக்கில் கடித்த இடம் எரிந்தது.

“எம்பேரு மணி இல்லீங்க.”

ஆதிமூலம் திரும்பினார். பதினெட்டு வருஷமாக ஆபீஸே மறந்திருந்த கேள்வியை அவர்தான் கேட்டார். “உன் பேரு என்ன?”

“மண்ணாங்கட்டிங்க சார்.” கரைவரை கேட்கும்படி சொன்னான். வெட்கம் வரும் என்று நினைத்திருந்தான், வரவில்லை. நெஞ்சு நிறைந்து கண் கலங்கியது, அதையும் மறைக்கவில்லை.

சுப்பன் எழுத ஆரம்பித்தான். ஆதிமூலம் என்பதைவிடப் பெரிய பெயர். எழுதி முடிப்பதற்குள் மஞ்சள் கோடு போட்ட ஓரம் வந்துவிட்டது. அவன் திரும்பிப் பார்த்து, “இடம் பத்தாதுங்க. கொஞ்சம் சின்னதா எய்தட்டுமா?” என்றான்.

“ஒரு எய்த்தும் சின்னதாவக் கூடாது” என்றாள் உண்ணாமலை. “கோட்டைத் தாண்டி எய்து.”

ஆதிமூலம் தலையாட்டினார். சுப்பன் கோட்டைத் தாண்டி எழுதினான்.